கையெழுத்துக்கு முன்னால்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பெற்றோரிடம் நீட்டப்படும் தாள்களில் ஒன்று மற்றவற்றைப் போன்றதல்ல. மருத்துவர்களின் ஆலோசனைக்கு மாறாக, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன் என்று அதில் இருக்கும். ‘எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறது’ என்று பேச்சில் சொல்வார்கள். காய்ச்சல் குறைந்ததும் அவசரமாக வீடு திரும்புகிறவர்களும் அதில்தான் கையெழுத்திடுகிறார்கள். இனிப் பிழைக்காது என்று தெரிந்த குழந்தையை, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று தவிக்கிற தாய் தகப்பனும் அதில்தான் கையெழுத்திடுகிறார்கள். முன்னதில் அது ஒரு சம்பிரதாயம். பின்னதில் அது ஒரு குழந்தையின் சாவைப் பற்றிய முடிவு. அந்த முடிவை எடுத்தது யார், எதையெல்லாம் கேட்டு எடுத்தார்கள், வேறு வழி இருந்ததா என்ற எதற்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது. பெற்றோரின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், பொறுப்பு முழுவதும் அவர்கள் தலைமேல் இருக்கும். குழந்தையின் கடைசி நாட்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கா, மருத்துவருக்கா, அரசுக்கா என்று உலகம் முழுவதும் வாதிடுகிறார்கள். நம் ஊரில் அந்த வாதத்தை இந்த ஒற்றைத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதுச்சேரியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. சாரத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை பக்கம். கோரிமேட்டு ஜிப்மரும் தூரமில்லை. முன்னது புதுச்சேரி அரசுடையது. பின்னது, பிரெஞ்சு ஆட்சியில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. 2008-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற மத்திய அரசு நிறுவனம். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டக் குடும்பங்களுக்கும் கடைசி நம்பிக்கை இந்த ஊர் மருத்துவமனைகள்தான். இவ்வளவு சிறிய பரப்புக்குள் இவ்வளவு அரசு மருத்துவம் இந்தியாவில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே, குழந்தையின் இறுதிக் காலத்தில் அரசு மருத்துவம் பெற்றோருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைக்காவிட்டால் வேறெங்கே கிடைக்கும்?

இந்த விஷயம் செய்திகளில் அடிபடும்போதெல்லாம் முதலில் பேசப்படுவது பிரிட்டன். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் இருந்த சார்லி கார்ட் என்ற கைக்குழந்தையை 2017-ல் உலகமே அறிந்திருந்தது. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் மிக அரிய மரபணு நோய். தானாக மூச்சுவிட முடியாது, கை கால் அசையாது, மூளையும் பாதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு சோதனைச் சிகிச்சை இருக்கிறது, அங்கே கொண்டுபோகிறோம் என்றார்கள் பெற்றோர். பொதுமக்களிடமிருந்து 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. மருத்துவமனை உடன்படவில்லை. அந்தச் சிகிச்சையால் பலனில்லை, குழந்தையின் வேதனைதான் நீளும் என்று நீதிமன்றம் சென்றது. உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என எல்லாப் படிகளிலும் பெற்றோர் தோற்றார்கள். முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், 2017 ஜூலை 28 அன்று சார்லி இறந்தான். மகன் வீட்டில் சாக வேண்டும் என்ற அவர்களின் கடைசி ஆசையும் வழக்காடப்பட்டு, முடிவில் ஓர் அந்திமக் காப்பகத்தில்தான் அவன் உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு லிவர்பூலில் ஆல்ஃபி எவன்ஸ், 2023-ல் நாட்டிங்ஹாமில் இன்டி கிரெகரி என்று வழக்குகள் தொடர்ந்தன. இந்த இரு குழந்தைகளுக்கும் இத்தாலி குடியுரிமையே கொடுத்தது. ஆங்கில நீதிமன்றங்கள் அசையவில்லை.

‘பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இல்லாத உரிமை அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது?’ என்ற கோபம் இங்கே எழுவது இயல்பு. பிரிட்டனின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. பெற்றோரும் மருத்துவரும் முரண்பட்டால் நீதிபதி யார் பக்கமும் நிற்காமல் குழந்தையின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பது அதன் தத்துவம். தத்துவத்தில் குறை சொல்ல முடியாது. ரத்தம் ஏற்றுவது எங்கள் மதத்துக்கு விரோதம் என்று பெற்றோர் மறுக்கும்போது, ஏற்றினால் பிழைக்கக்கூடிய குழந்தையை இதே தத்துவம்தான் காப்பாற்றுகிறது. ஆனால் சார்லி வழக்கில் பலரை உறுத்திய இடம் வேறு. பணம் பெற்றோர் கையில் இருந்தது, ஏற்றுக்கொள்ள வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் தயாராக இருந்தார், அப்போதும் போகவிடவில்லை. ஒரு சிகிச்சையைத் தர மறுப்பதும், பிறர் தருவதைத் தடுப்பதும் ஒன்றல்ல. முதலாவது மருத்துவரின் மனசாட்சி சார்ந்தது. இரண்டாவதற்கு அரசிடம் மிக வலுவான காரணம் இருக்க வேண்டும். குழந்தைக்குக் கூடுதல் வேதனை நிச்சயம் என்பது மட்டுமே அப்படிப்பட்ட காரணம். நீதிமன்றம் அதைத்தான் கண்டதாகச் சொன்னது. ஆனால் அதை முடிவுசெய்ய மாதக்கணக்கில் நடந்த சண்டையில் குழந்தையின் வாழ்நாளில் பாதி கரைந்துபோனது.

புதுச்சேரி வாசகர்கள் லண்டனைவிடப் பாரீஸைக் கவனிப்பது பொருத்தம். பிரான்சில் 2005-ல் வந்த லியோனெத்தி சட்டம், நியாயமற்ற பிடிவாதத்தோடு சிகிச்சையைத் தொடரக் கூடாது என்கிறது. 2016-ல் அது மேலும் திருத்தப்பட்டது. நோயாளி தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், மருத்துவர் சக மருத்துவர்களோடு கூடிப் பேசி, குடும்பத்தின் கருத்தைக் கேட்டு, தாமே முடிவெடுக்கலாம். மார்செய் நகரின் தீமோன் மருத்துவமனையில் வைரஸ் தொற்றால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு வயதுப் பெண் குழந்தைக்குச் சுவாசக் கருவியை நிறுத்த 2016 நவம்பரில் மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2017 மார்ச் 8 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தேத்தா சிகிச்சையைத் தொடரச் சொன்னது. குழந்தையின் விருப்பம் என்னவென்று அறிய வழியில்லாத நிலையில் பெற்றோரின் கருத்துக்குத் தனி எடை உண்டு என்று அது கருதியது. ஓராண்டு முடிவதற்குள், 2018 ஜனவரியில், அதே நீதிமன்றம் நான்சி நகரில் இருந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில், பெற்றோர் எதிர்த்தபோதும் சிகிச்சையை நிறுத்த அனுமதித்தது. பெற்றோரின் மறுப்பு ஒன்றே தடையாகிவிடாது என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெற்றோர் சொல்லே இறுதி என்றும் இல்லை, மருத்துவர் சொல்லே இறுதி என்றும் இல்லை. குழந்தைக்குக் குழந்தை விடை மாறுகிறது. முன்கூட்டியே வரையறுக்க முடிவது விடையை அடையும் நடைமுறையை மட்டும்தான்.

இந்தியாவில் அந்த நடைமுறை வளர்ந்தது வயது வந்தவர்களை மனத்தில் வைத்து. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு முதன்முதலாகக் கதவைத் திறந்தது. ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் அமைப்பின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு வகுத்த நடைமுறை நடக்க முடியாத அளவுக்குச் சுற்றுவழியாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இப்போதைய முறைப்படி, சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல்நிலைக் குழு நோயாளியைப் பார்க்கும். தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரையும் வேறு நிபுணர்களையும் கொண்ட இரண்டாம் குழு மறுபடி பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் கட்டாயம். மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். குழு மறுத்தால் குடும்பம் உயர் நீதிமன்றம் செல்லலாம்.

இதில் குழந்தை எங்கே இருக்கிறது? முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர்விருப்ப ஆவணத்தைத் தெளிந்த மனநிலையிலுள்ள வயது வந்தவர் மட்டுமே எழுத முடியும். ஆகவே, எல்லாக் குழந்தைகளும் ஆவணம் எழுதாதவர்கள் என்ற பிரிவில்தான் வருகிறார்கள். அவர்களுக்கான சம்மதம் என்பது முழுக்கப் பெற்றோரின் சம்மதம். பாரதிய நியாய சம்ஹிதையின் 27-ஆம் பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலைக் குற்றமாக்குவதில்லை. ஆனால் வேண்டுமென்றே உயிரைப் போக்குவதற்கு அந்தச் சலுகை பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கருவியை அகற்றுவது இயற்கையான சாவுக்கு வழிவிடுவதா, உயிரைப் போக்குவதா என்ற சந்தேகம் ஒரு மருத்துவருக்கு வந்தால் போதும். வழக்கு வரும், போலீஸ் வரும் என்ற பயத்தில் அவர் சட்ட நடைமுறையைத் தொடங்கவே தயங்குவார். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2017-லேயே இறுதிக்காலப் பராமரிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நின்ற இதயத்தை மீண்டும் இயக்க முயலாமல் விடுவது பற்றி 2020-ல் வழிகாட்டுதல் தந்தது. ஆனாலும் சட்டத்தின் வாசலைவிட அந்த ‘சொந்தப் பொறுப்பு’த் தாளின் வாசல்தான் எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது. குழு தேவையில்லை, மாஜிஸ்ட்ரேட் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டியது. பிறக்கும்போதே மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் பாதிக்கப்பட்ட தன் ஒன்பது வயது மகனுக்குக் கருணைக் கொலைக்கு அனுமதி வேண்டும் என்று தந்தை ஒருவர் மனுச் செய்தார். சிறுவனால் பேசவோ நடக்கவோ முடியாது; ஒரே நாளில் பலமுறை வலிப்பு வரும். நீதிபதி கிருபாகரன் தலைமையிலான அமர்வு மனுவை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. மருத்துவக் குழுவை அமைத்துச் சிறுவனைப் பரிசோதிக்கச் சொன்னது. சட்டம் வரையறுக்கும் மீளா நினைவிழப்பு நிலையில் அவன் இல்லை என்று தெரிந்தபின் அனுமதி வழங்க முடியாமல் போனது. ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு அரசு என்ன பண உதவி செய்ய முடியும் என்று கேட்டது. சட்டக் கேள்வியோடு வந்த வழக்கு பராமரிப்புக் கேள்வியாக மாறியது அந்த இடத்தில்தான்.

அந்தத் தந்தை உண்மையில் கேட்டது என்ன? மகனுடைய சாவைக் கேட்டார் என்று மனுவின் தலைப்பு சொல்லும். வலிப்பைக் கட்டுப்படுத்த வீட்டுக்கு வரும் செவிலியரோ, நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வோ, மருந்துச் செலவுக்கு நிலையான தொகையோ கிடைத்திருந்தால் அந்த மனு எழுதப்பட்டிருக்குமா என்று கேட்காமல் அந்தத் தலைப்பை அப்படியே நம்பிவிட முடியாது. காசியாபாத்தைச் சேர்ந்த ஒரு தாய் தகப்பனின் வழக்கும் இதையே சொல்கிறது. மாடியிலிருந்து விழுந்து 2013 முதல் படுக்கையில் கிடந்த, வயதுவந்த மகனுக்காக அவர்கள் மன்றாடினார்கள். அவர் வென்டிலேட்டரில் இல்லை, குழாய்வழி உணவில்தான் இருக்கிறார் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், வீட்டிலேயே செவிலியர், இயன்முறை மருத்துவர், இலவச மருந்து தர மாநில அரசு முன்வந்ததைப் பதிவு செய்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, நாட்டின் தலைமை நீதிமன்றம்வரை போனபிறகுதான் ஒரு செவிலியர் வீட்டு வாசலுக்கு வர வழி பிறந்தது. அந்த வழக்கு பின்னர் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்து மருத்துவக் குழுக்களின் பரிசோதனைவரை சென்றது.

பெற்றோருக்கு உரிமை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், அவர்கள் எவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடன். இன்னொரு பக்கம் வலி. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு உரிமை என்று பெயரிட்டால் அது கேலி. தீவிர சிகிச்சையைத் தொடர்வது பணத்தால் தடைபடக் கூடாது. நிறுத்துவது குழந்தையைக் கைவிடுவதாக முடியக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் அரசு நிறைவேற்றிய பிறகுதான் பெற்றோர் எடுப்பது முடிவு என்று ஆகும். அதுவரை அது நிர்ப்பந்தம். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை தருகிறது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 50 லட்சம் வரை உதவ வழிசெய்கிறது. ஆகவே முதல் நிபந்தனைக்குக் குறையுள்ளதாக இருந்தாலும் ஓர் அடித்தளம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் படுக்கைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டாவது நிபந்தனைதான் வெறுமையாகக் கிடக்கிறது. வென்டிலேட்டரை எடுத்த பின் அந்தக் குழந்தையின் மூச்சுத் திணறலுக்கு என்ன மருந்து, இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, வீட்டில் உயிர் பிரிந்தால் இறப்புச் சான்று யார் தருவது என்று அந்தத் தாள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

இந்த வெறுமையை நிரப்பும் மருத்துவத்துக்குப் பெயர் உண்டு: வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. பாலியேட்டிவ் கேர் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றபின் தொடங்குவது என்று பலரும் அதைத் தவறாக நினைக்கிறார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே அது தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடக்கிறதோ இல்லையோ தொடர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆதரவுச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளில் 98 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. குழந்தைகளுக்கென்றே உலகில் முதன்முதலாக அமைந்த அந்திமக் காப்பகமான ஹெலன் ஹவுஸ் 1982-ல் ஆக்ஸ்போர்டில் திறக்கப்பட்டது. அதற்காக நாம் இங்கிலாந்து போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய முயற்சி, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகி, உள்ளாட்சிகளின் செவிலியர்கள் வீடுவீடாகச் செல்லும் ஏற்பாடாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டு ஆதரவுச் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. வலியைத் தணிக்கும் மார்ஃபின் விலை மலிவான மருந்து. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளே அதை வைத்துக்கொள்ளத் தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் பெறுவது எளிதாக்கப்பட்டது. மருந்து இருக்கிறது, சட்டம் இடம் தருகிறது, முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. இனி இதைக் குழந்தைகள் வார்டுவரை கொண்டுவருவது நிர்வாகத்தின் வேலை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் வலுவானவை. இவ்வளவு குழுக்களும் நடைமுறையும் எதற்கு, பெற்றவர்களுக்குத் தெரியாதா என்பது முதல் மறுப்பு. பெற்றவர்களைவிடக் குழந்தையை அறிந்தவர்கள் இல்லை என்பது உண்மை. எந்தத் தொடுகைக்கு அது அமைதியாகும், எந்த முனகல் வலி, எது பசி என்று தாய்க்குத் தெரிவதை எந்தக் கருவியும் காட்டாது. அதனால்தான் அவர்கள் இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆனால் குழந்தை பெற்றோரின் உடைமை இல்லை. இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின்படி, குழந்தையைப் பற்றிய எந்த நடவடிக்கையிலும் அதன் நலனுக்கு முதன்மை தர வேண்டும். தன் கருத்தைச் சொல்லும் பக்குவம் வந்த குழந்தையிடம் கேட்கவும் வேண்டும். புற்றுநோயோடு நான்கைந்து ஆண்டுகள் போராடிய 13 வயதுப் பிள்ளைக்கு, இன்னொரு கீமோ சுற்று வேண்டுமா வீட்டுக்குப் போக வேண்டுமா என்பதில் சொல்ல நிறைய இருக்கும். நம் வீடுகளில் ‘அதுக்கு என்ன தெரியும், சொல்லாதீங்க’ என்று அன்பினால்தான் மறைக்கிறோம். அந்த அன்பு சில சமயம் பிள்ளையைத் தனியாகத் தவிக்க விடுகிறது. குழுவில் இருப்பவர்களின் வேலை பெற்றோரைத் தோற்கடிப்பது என்று நினைக்கத் தேவையில்லை. குழந்தைக்காகவும் ஒரு குரல் அந்த அறையில் இருக்கச் செய்வதே அவர்கள் வேலை.

அரசே மருத்துவமனையை நடத்துகிறது. படுக்கையும் வென்டிலேட்டரும் குறைவு. செலவை மிச்சம் பிடிக்கக் குழந்தைகளைக் கைவிடச் சொல்லாதா என்பது இரண்டாவது மறுப்பு. இந்தச் சந்தேகம் பிரிட்டனிலும் எழுந்தது. அரசு மருத்துவத்தை நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அது எழாமல் இருந்தால்தான் வியப்பு. பணம் கொடுப்பவரும் முடிவைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே இதற்குக் காப்பு. 2023-ஆம் ஆண்டு நடைமுறையின் இரண்டாம் குழு அதற்காகத்தான் வேறு மருத்துவர்களைக் கொண்டு அமைக்கப்படுகிறது. அது பெயரளவில் கூடிக் கையெழுத்திடும் குழுவாகிவிடாமல், குழந்தையை நேரில் பார்த்து, பெற்றோரிடம் அவர்கள் மொழியில் பேசி, காரணத்தை எழுத்தில் தருவதாக இருக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் வெளி மருத்துவர் ஒருவரின் இரண்டாவது கருத்தைப் பெற அரசே வழிசெய்ய வேண்டும். ஆதரவுச் சிகிச்சையைச் சிக்கனத்துக்கான குறுக்குவழியாக எந்த நிர்வாகமும் பார்க்கக் கூடாது. தீவிர சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் ஒரே சமயத்தில் ஒரே குழந்தைக்குக் கிடைக்கும்போது அந்தச் சந்தேகத்துக்கே பாதி வேலை இருக்காது.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணிலிருந்தே எழுவது. சிகிச்சையை நிறுத்தச் சட்டப்படி வழிவிட்டால், பெண் குழந்தைகளையும் ஊனமுற்ற குழந்தைகளையும் வேண்டாம் என்று தள்ள அது கருவியாகாதா? உசிலம்பட்டியையும் சேலத்தையும் அறிந்த தமிழ்ச் சமூகம் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. ஆனால் அந்த வரலாறே ஒரு பாடமும் தருகிறது. பெண் சிசுக் கொலையைத் தடுக்கக் குற்றச் சட்டம் முன்பே இருந்தது, கொலைகள் நின்றுவிடவில்லை. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோதுதான், வளர்க்க முடியாது என்று நினைத்த குடும்பத்துக்குக் கொல்வதைத் தவிர வேறொரு வழி காட்டப்பட்டது. அந்தத் திட்டத்தின் மேல் விமர்சனங்கள் உண்டு. ஆயினும் தண்டனையை மட்டும் காட்டாமல் மாற்று வழியையும் அரசு கொடுக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை சரியானது. இங்கும் அப்படித்தான். இன்றுள்ள ‘சொந்தப் பொறுப்பு’த் தாளில் பெண் குழந்தையை அழைத்துப்போனார்களா, பிழைக்கக்கூடிய குழந்தையை அழைத்துப்போனார்களா என்று கேட்பார் யாருமில்லை. ஆபத்து அந்த இருட்டில்தான் இருக்கிறது. திறந்த நடைமுறை வந்தால், இந்தக் குழந்தையை ஏன் என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையின் வாழ்க்கை பிழைக்க வைக்கத் தகுதியற்றது என்று யாரும் முடிவுகட்ட முடியாதபடி, சிகிச்சையின் பயனை மட்டுமே எடைபோட வேண்டும், குழந்தையின் மதிப்பை எடைபோடக் கூடாது என்று அந்த நடைமுறையிலேயே எழுதிவைக்கலாம்.

நான்காவது மறுப்பைப் பெரும்பாலும் யாரும் நீதிமன்றத்தில் சொல்வதில்லை; கோயில் வாசலிலும் மாதா கோயில் மெழுகுவத்திகளின் முன்னும் தர்காவிலும் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னது தப்பாகக் கூடாதா, கடவுள் நினைத்தால் எழுந்து உட்காராதா? மருத்துவக் கணிப்பு தவறுவதுண்டு. ஆல்ஃபி எவன்ஸ் கருவியை எடுத்தபின் ஐந்து நாட்களுக்கு அருகில் தானாக மூச்சுவிட்டான். ஆனால் அவன் நோயின் போக்கைப் பற்றிய கணிப்பு மாறவில்லை. நம்பிக்கையோடு வாதிட்டு வெல்வது மருத்துவத்தின் வேலை இல்லை. அதற்கு நேரம் கொடுக்கலாம்; குழந்தைக்கு வேதனை கூடாதவரை காத்திருக்கலாம்; குறிப்பிட்ட நாள்வரை சிகிச்சையைத் தொடர்ந்து முன்னேற்றத்தைச் சேர்ந்து பார்க்கலாம் என்று பெற்றோரோடு பேசி முடிவுசெய்யலாம். அவசரமாகச் சொல்லப்பட்ட உண்மையைவிடக் காத்திருந்து சேர்ந்து கண்ட உண்மையைப் பெற்றோர் தாங்கிக்கொள்வார்கள். அப்போதும் பிரார்த்தனை நிற்க வேண்டியதில்லை. வலியில்லாமல் போக வேண்டும் என்பதும் பிரார்த்தனைதான்.

புதுச்சேரி போன்ற சிறிய பகுதியில் இதைச் செய்வது பெரிய மாநிலங்களைவிட எளிது. மத்திய அரசின் மருத்துவமனையும் யூனியன் பிரதேச அரசின் மருத்துவமனைகளும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டாம் குழுவுக்கு ஒரு மருத்துவமனையின் நிபுணர்கள் இன்னொன்றுக்குப் போவது அரைமணி நேர வேலை. குழந்தை வார்டுகளில் ஆதரவுச் சிகிச்சை தெரிந்த ஒரு செவிலியர் அணி, சாரம், லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு, ஊர் திரும்பும் விழுப்புரம், கடலூர்க் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டின் வீடுதேடும் திட்டத்தோடு ஓர் இணைப்பு: இவை கோடிக்கணக்கில் செலவு கேட்பவை அல்ல. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றிக் கருத்துச் சொல்லும் மருத்துவக் குழுக்களை அமைக்கச் சொல்லி கர்நாடக அரசு 2025 ஜனவரியில் ஆணை பிறப்பித்தது. புதுச்சேரி ஒரு படி மேலே போய், குழந்தைகளுக்கான தனி நடைமுறையோடு முன்னே நிற்கலாம்.

செய்ய வேண்டிய முதல் மாற்றம் அந்தத் தாளிலேயே தொடங்கலாம். ‘சொந்தப் பொறுப்பில்’ என்ற ஒற்றை வரிக்கு மேலே சில வரிகள் சேர்த்தால் போதும். குழந்தையின் நிலையைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கியவர் யார். இரண்டாவது மருத்துவர் பார்த்தாரா. பணம் இல்லாததால் போகிறார்களா, ஆம் என்றால் உதவிக்கு யாரிடம் அனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்து என்ன. இரவில் கூப்பிட வேண்டிய எண் எது. நாளைக்கு வீட்டுக்கு வரப்போகும் செவிலியர் யார். இந்த வரிகளை நிரப்ப முடியாத மருத்துவமனை, பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்கும் தகுதியை இன்னும் பெறவில்லை. நிரப்பப்பட்ட பிறகும் அந்தத் தாய் தகப்பனின் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அவர்கள் பெயருக்கு மேலே, மருத்துவமனை சார்பில் ஒருவர் முதலில் கையெழுத்திட்டிருப்பார்.